தூர் பிரித்து நடுவோம்
சிறு வளவுக்கு ஏற்ற, பரவாத புல்லினங்கள்

புல்லைப் பிடுங்கியே காலம் கழித்த கமக்காரரிடம் புல்லை நடச் சொன்னால் அவர் சிரிப்பார். வெங்காயப் பாத்தியில் கோரை, மிளகாய்த் தோட்டத்தில் அறுகு, வயலில் நெல்லைப் போலவே வேடமிட்டு நிற்கும் களைப்புல் என்று ஒவ்வொரு போகத்திலும் இடுப்பொடியப் பிடுங்கியவர்கள் நாம். நமது பெரியவர்கள் மணமக்களை அறுகுபோல் வேரூன்றி வாழ வாழ்த்துவார்கள். அதே அறுகு பாத்திக்குள் வந்தால் மண்வெட்டியோடு இறங்குவார்கள்.

ஆனால் எல்லாப் புல்லும் அறுகு அல்ல. நட்ட இடத்திலேயே நின்று, குடை விரித்ததுபோல் தூர் கட்டி, பக்கத்துப் பயிருக்குத் தொல்லை கொடுக்காத புற்களும் உண்டு. அவை முற்றத்துக்கு அழகு தரும், மழை நீரில் மண் கரைந்து போகாமல் பிடிக்கும், சில கறிக்கும் தேநீருக்கும் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் மாற நேர்ந்தால் ஒரு சாக்கில் போட்டுக் கூடவே எடுத்துச் செல்லலாம். இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களை எண்ணியே இவற்றைப் பற்றி இந்த இதழில் எழுதுகின்றோம்.

ஓடும் புல்லும் தூர்ப்புல்லும்

புல்லினங்களை அவை பரவும் விதத்தைக் கொண்டு இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது ஓடும் புல். அறுகு நிலத்தின் மேலே கொடி விட்டும் நிலத்தின் கீழே தண்டு விட்டும் ஓடும். ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். இலுக்குப்புல் நிலத்தின் கீழே கூரிய வெண்தண்டுகளை விட்டுப் பரவும். கைவிடப்பட்ட காணிகளிலே அது ஏக்கர் கணக்கில் நிறைந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். இவற்றைச் சிறிய வளவுக்குள் கொண்டுவரக் கூடாது.

இரண்டாவது தூர்ப்புல். ஒரு மையத்திலிருந்து புது முளைகள் நெருக்கமாக எழும்பும். ஆண்டுதோறும் தூர் சற்றே பருக்கும், ஆனால் ஓடாது. இந்த வகையிலும் விதையால் பரவுபவை உண்டு. கினிப்புல் தூராகவே வளரும். ஆயினும் அதன் விதை காற்றிலும் நீரிலும் பரவி, கைவிட்ட தோட்டங்களையும் வீதியோரங்களையும் பிடித்துவிடும். கோடையில் காய்ந்து தீ பரவவும் காரணமாகும். எனவே தூராக வளர்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. முளைக்கும் விதையைக் கொட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு சோதனையிலும் தேறும் புல்லையே வீட்டுத் தோட்டத்துக்குத் தெரிவு செய்ய வேண்டும்.

நமது காணி அல்லவே, ஏன் நட வேண்டும்?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. நலன்புரி நிலையத்திலோ, உறவினர் வளவிலோ, கோயில் காணியிலோ, பெர்மிற் இன்னும் கிடைக்காத குடியேற்றத்திலோ இருப்பவர் மரம் நடத் தயங்குவது இயல்பு. தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு வருடம் செல்லும். பனைக்குப் பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் வேண்டும். அதுவரை இங்கே இருப்போமா என்பது தெரியாது. நட்டால், இங்கேயே இருந்துவிடச் சம்மதித்ததுபோல் ஆகுமே என்ற வேதனையும் உண்டு. ஊரை மறந்ததாகப் பிறர் நினைப்பார்களோ என்ற கூச்சமும் உண்டு.

ஆனால் காலத்தைப் பாருங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து வந்தவர்கள் சில கிழமைகளில் திரும்பலாம் என்றே எண்ணினார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் புத்தளம் பகுதியில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் செட்டிகுளம் மெனிக் பாமில் கூடாரங்களில் இருந்தார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. சொந்தக் காணி விடுபடாமல் இன்றும் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. நாளை போகலாம் என்று எதையும் நடாமல் இருந்த நாட்கள் வருடங்களாயின.

விவிலியத்தில் இதே நிலையில் இருந்த மக்களைக் காண்கிறோம். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யூத மக்களிடம், விரைவிலே திரும்பிவிடுவீர்கள் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா இறைவாக்கினரோ அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் இட்டு அதன் பலனை உண்ணவும் சொன்னார். அதே கடிதத்தில், அவர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பும் நாள் வரும் என்ற உறுதியையும் கொடுத்தார். ஆகவே நடுவது ஊரை மறப்பது ஆகாது. திரும்பும் நம்பிக்கையும் கையில் மண்வெட்டியும் ஒன்றாக இருக்கலாம். எந்தச் சமயத்தவருக்கும் இது பொருந்தும்.

தூர்ப்புல் இந்த நிலைக்கு மிகவும் ஏற்ற பயிர். சில மாதங்களில் பலன் தருகின்றது. காணி உறுதி கேட்பதில்லை. போகும் நாளில் தூரைக் கிளப்பி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை அங்கேயே நட்டுவிட்டுப் போகலாம். நமக்குத் தங்க இடம் தந்த மண்ணுக்கும், பின்னால் வருபவருக்கும் அது மிஞ்சும்.

மூன்று புற்கள்

1. எலுமிச்சம்புல்

வாசனைப்புல் என்றும் சொல்வர். சிங்கள மக்கள் இதனைச் 'சேர' என்பர். தென்னிலங்கைச் சமையலில் கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றுடன் சேர்த்து இதன் அடித்தண்டைக் கறியில் போடுவார்கள். இறைச்சிக் கறிக்கும் மீன் கறிக்கும் நல்ல மணம் தரும். இலையைக் கொதிநீரில் ஊறவிட்டுத் தேநீராகக் குடிக்கலாம்.

இடுப்பளவு உயரம் வளரும். வளைந்து தொங்கும் இலைகளால் வட்டமாக, அழகாக இருக்கும். பூப்பது அரிது என்பதால் விதையால் பரவும் பயமில்லை. வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டடிக்கு ஒரு தூர் நட்டால் போதும். நட்டு நான்கு முதல் ஆறு மாதத்தில் முதல் வெட்டு வெட்டலாம். பின்னர் ஈரம் இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெட்டலாம். மூன்று நான்கு வருடத்தில் தூரின் நடுப்பகுதி பட்டுப்போகத் தொடங்கும். அப்போது கிளப்பிப் பிரித்துப் புதிதாக நட வேண்டும்.

நாற்றுக் கிடைக்காதவர்கள் சந்தையில் விற்கும் தண்டை வாங்கலாம். அடிக்கட்டை வெட்டப்படாமல் இருக்கும் தண்டாகப் பார்த்து, ஒரு போத்தலில் இரண்டங்குலத் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றினால் ஒன்றிரண்டு கிழமையில் வேர் விடும்.

2. வெட்டிவேர்

இதனைச் சிங்களத்தில் 'செவந்தரா' என்பர். பானைத் தண்ணீரில் போடுவதற்கும் மருந்துக்கும் இதன் வேரைப் பயன்படுத்தி வந்தோம். வேரின் மணத்துக்காக மட்டுமே இதனை அறிந்தவர்கள், இது மண்ணைப் பிடிப்பதில் எவ்வளவு வல்லது என்பதை அறிந்திருப்பது குறைவு.

இதன் வேர் பக்கமாக ஓடுவதில்லை, நேர் கீழே இறங்கும். ஆழமான நல்ல மண்ணில் முதலாம் வருடத்திலேயே பத்தடி வரை இறங்கக் கூடியது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் மேலாக உள்ள இடங்களில் அவ்வளவு ஆழம் போகாது. இருந்தும் உள்ள மண்ணை இறுகப் பிடிக்கும். நெருக்கமாக நட்ட வரிசையொன்று ஒரு வருடத்தில் உயிர்வேலியாகிவிடும். மழை வெள்ளம் அந்த வரிசையில் தடைப்பட்டு, வேகம் குறைந்து, கொண்டுவந்த மண்ணை அங்கேயே விட்டுவிட்டு ஊறிச் செல்லும். வரட்சியையும் சில நாள் வெள்ளத்தையும் தாங்கும். நிழலை மட்டும் தாங்காது. நடுகைக்குப் பயன்படும் தென்னிந்திய வகை முளைக்கக்கூடிய விதை தருவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தென்னிந்தியாவில் மைசூருக்கு அருகே குண்டலுப்பேட்டைப் பகுதிக் கமக்காரர் நெடுங்காலமாக இதனைத் தங்கள் நில எல்லையில் நட்டு வந்தார்கள். 1950களில் பிஜித் தீவில் கரும்புத் தோட்டங்களில் மண்ணரிப்பைத் தடுக்க இதனை நட்டார்கள். 1980களில் உலக வங்கியில் பணிபுரிந்த ஜோன் கிறீன்ஃபீல்ட், றிச்சர்ட் கிறிம்ஷோ ஆகிய இருவரும் இந்தியாவில் இதனைப் பரப்ப முயன்றார்கள். 1987 இல் கமக்காரருக்கும் களப்பணியாளருக்குமாக ஒரு கைநூலும் வெளிவந்தது. படித்தவர்கள் பின்னர் எழுதியதைக் கமக்காரர் முன்னரே செய்திருந்தார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டியது.

வேரை எடுக்க விரும்புபவர்கள் வரம்பில் நட்ட வரிசையைத் தோண்டக் கூடாது. தோண்டினால் மண்ணைப் பிடித்த கை போய்விடும். அதற்கென்று தனியாக, வெறும் உரப்பைகளில் மணலும் கூட்டெருவும் கலந்து நிரப்பி, பைக்கு ஒரு தூர் நடுங்கள். ஒன்றரை வருடமளவில் பையைக் கிழித்து உதறினால் வேர் அறாமல் வரும்.

3. சிற்றனெல்லா

சிங்களத்தில் 'பெங்கிரி' எனப்படுவது. எலுமிச்சம்புல்லின் உறவு. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கங்களில் எண்ணெய்க்காகப் பயிரிடப்பட்டது. இன்றும் உலகச் சந்தையில் இந்த எண்ணெயை 'இலங்கை வகை', 'ஜாவா வகை' என்றே பிரித்துச் சொல்கிறார்கள்.

இது உயரமாக, ஆளுயரம் வரை வளரும். ஆகையால் முற்றத்துக்கு அல்ல, வளவின் பின் எல்லைக்கு ஏற்றது. மணம் காரணமாக மாடுகள் இதனைப் பொதுவாக நாடுவதில்லை. கட்டாக்காலி மாடுகள் திரியும் இடங்களில் வேலி இல்லாமலும் தப்பி நிற்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாலைந்து தூரிலிருந்து எண்ணெய் வடித்துப் பிழைக்க முடியாது. எண்ணெய் வடிக்க நீராவிக் கொதிகலன், விறகு, ஏக்கர் கணக்கில் பயிர் ஆகியன வேண்டும். நட்டால் எண்ணெய்க் கொம்பனி வந்து வாங்கும் என்று யாராவது சொன்னால், விலையையும் அளவையும் எழுத்தில் கேளுங்கள்.

அழகுக்காக மட்டும் ஒரு புல்

அழகு வேண்டாமா? வேண்டும். தகரக் கொட்டிலின் முன்னே இரண்டு பூச்சட்டி இருந்தால் அந்தக் கொட்டில் வீடாகிறது. பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்போது பச்சையாக ஏதோ ஒன்று வாசலில் நிற்பது சிறு காரியம் அல்ல. அழகு வசதி உள்ளவருக்கு மட்டும் உரியதல்ல.

பட்டணத்து நாற்றுக் கடைகளில் செந்நிற இலையும் பஞ்சுபோன்ற பூக்குஞ்சமும் உள்ள ஒரு தூர்ப்புல் சட்டியில் விற்கப்படுகின்றது. பார்க்க மிகவும் அழகானது. இந்தச் செந்நிற வகை விதை கட்டுவது அரிது. ஆனால் அதன் பச்சை இனம் ஹவாய்த் தீவுகளில் தப்பிப் பரவி, எரிமலைச் சரிவுகளை மூடி, தீக்கும் காரணமாகிவிட்டது. எனவே பச்சைக் குஞ்சப்புல்லை நட வேண்டாம். செந்நிறமானதை வைத்தாலும் சட்டியிலேயே வைத்து, பூக்குஞ்சம் உதிர முன்னர் வெட்டிவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்க வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அடிப்பகுதி சுத்தமாக்கி, வட்டமாக வெட்டிவிட்ட எலுமிச்சம்புல் எந்தச் சட்டிப் புல்லுக்கும் குறைந்ததல்ல. வாசலின் இரு பக்கமும் இரண்டிரண்டு தூர் வைத்துப் பாருங்கள்.

தூர் பிரித்து நடும் முறை

மாரி மழை தொடங்கும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களே ஏற்ற காலம். மண் ஈரமாக இருக்கும், மழை முடியுமுன் வேர் பிடித்துவிடும். கோடையில் நடுவதானால் நாளும் தண்ணீர் விட வேண்டிவரும்.

1. தாய்த் தூரின் இலைகளை முக்கால் அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். அலவாங்கால் சுற்றிவரக் கிளப்பி முழுத்தூரையும் எடுங்கள். கையுறையோ பழைய துணியோ கையில் சுற்றிக்கொள்ளுங்கள். இலையின் ஓரம் தோலைக் கீறும்.

2. கையாலும் கத்தியாலும் இரண்டு மூன்று முளைகள் கொண்ட சிறு கன்றுகளாகப் பிரியுங்கள். வேரை நான்கு அங்குல நீளம் விட்டு மிகுதியை வெட்டிவிடலாம். காய்ந்த இலைகளை உரித்துவிடுங்கள். நடுவில் உள்ள முதிர்ந்த, பட்டுப்போன தண்டுகளை நட வேண்டாம். ஓரத்து இளமுளைகளே நன்றாகப் பிடிக்கும்.

3. பசுஞ்சாணத்தைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, வேரை அதிலே தோய்த்தெடுங்கள். உடனே நட முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளைக்குள் நட்டுவிட வேண்டும்.

4. வெட்டிவேரை உயிர்வேலியாக நடுவதானால் ஆறங்குல இடைவெளி போதும். பத்தடி வரிசைக்கு ஏறக்குறைய இருபது கன்று வேண்டும். ஒரு கன்று பட்டுப்போனால் அந்த இடத்தை உடனே நிரப்புங்கள். ஒரு ஓட்டை இருந்தால் வெள்ளம் முழுவதும் அதன் வழியே பாயும்.

5. குழிக்கு ஒரு கைபிடி எரு இடுங்கள். ஆட்டெரு, மாட்டெரு, கூட்டெரு எதுவாயினும் நன்று. கன்றை நட்டுக் காலால் இறுக மிதித்து, சருகால் மூடிவிடுங்கள். மழை இல்லாத நாட்களில், முதல் மூன்று கிழமைக்குத் தூருக்கு ஒரு பேணி தண்ணீர் விட்டால் போதும்.

வாங்கும் கன்று குறைவாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். ஒரு தூர் ஒரு வருடத்தில் பத்துக் கன்று தந்தால், அந்தப் பத்தும் அடுத்த வருடம் நூறு தரும். ஐந்து கன்றோடு தொடங்கும் குடும்பம் மூன்றாம் மாரியில் வளவு முழுவதற்கும் நட்டுப் பிறருக்கும் கொடுக்கலாம்.

எங்கே நடுவது?

முதல் பெருமழை பெய்யும்போது ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வளவைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் எங்கே சேருகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்பதை அது தானே காட்டும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே தடிகளை நட்டு அடையாளம் வையுங்கள். மழை விட்டதும் அந்தக் கோட்டில் வெட்டிவேரை வரிசையாக நடுங்கள். வன்னியின் செம்மண் கலந்த கபில மண் கோடையில் கல்லாக இறுகும், மாரியில் கரைந்தோடும். அங்கே இந்த வரிசை மிகவும் பயன் தரும்.

கிணற்றடியில் குளிக்கும் தண்ணீரும் குசினித் தண்ணீரும் வீணே தேங்கிச் சேறாகின்றன. அந்தத் தண்ணீரைச் சிறு வாய்க்காலால் புற்களுக்கு விடலாம். வெட்டிவேர் சவர்க்காரத் தண்ணீரைத் தாங்கும். எலுமிச்சம்புல்லை நாம் உண்பதால் அதற்கு அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை மட்டும் விடுங்கள். மலசலகூடத்துக்குப் பக்கத்தில் அதனை நடவேண்டாம், அங்கே வெட்டிவேரை நடலாம். பசளை மிகுந்த கழிவு நீரை உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கலந்திருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்ததால், தோட்டத்திலிருந்து கிணற்றை நோக்கி வழியும் நீருக்குக் குறுக்கே ஒரு வெட்டிவேர் வரிசை வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அது மட்டும் கிணற்றைக் காக்காது. பசளையை அளவாக இடுவதே முதல் மருந்து.

கட்டையாக வைத்திருத்தல்

தூர்ப்புல்லின் அழகு வெட்டுவதில் இருக்கிறது. வெட்டாமல் விட்டால் காய்ந்த இலை சேர்ந்து பற்றையாகிவிடும். வெட்டிவேரை வருடத்துக்கு இரண்டு தடவையாவது முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். மாரி முடிவில் ஒன்று, கோடை தொடங்குமுன் ஒன்று. எலுமிச்சம்புல்லை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் விட்டு வெட்டுங்கள். வெட்டிய இலையை எரிக்க வேண்டாம். மிளகாய், கத்தரி, வாழை அடியில் பரப்பினால் ஈரம் காக்கும், களையும் குறையும். வெட்டிவேரின் இளந்தளிரை ஆடு மாடு தின்னும். ஆனால் புதிதாக நட்ட வரிசையில் ஆட்டைக் கட்டாதீர்கள்.

அவதானம்

மிதிவெடி: நாற்றுத் தேடிப் பழைய காணிகளுக்குள்ளும் கைவிட்ட வாய்க்கால் வரம்புகளுக்குள்ளும் நுழைய வேண்டாம். வடக்கில் பெரும் பகுதி துப்புரவாக்கப்பட்டுள்ளது. 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. எனினும் நிலத்தின் கீழ் எஞ்சியவை உடன்படிக்கையை அறியா. உங்கள் சொந்தக் காணிக்கே திரும்பினாலும், துப்புரவாக்கப்பட்டதென்று உறுதி கிடைக்குமுன் அலவாங்கை இறக்காதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். ஒரு தூர்ப்புல்லுக்காக ஒரு காலை இழக்கலாகாது. பிள்ளைகளுக்கு இதனைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பார்த்தீனியம்: 1980களின் பிற்பகுதியில் நமது நாட்டுக்குள் வந்ததாகக் கருதப்படும் இந்தக் களை யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பரவிவிட்டது. அதன் விதை மண்ணோடு ஒட்டி வரும். வேறிடத்திலிருந்து கொண்டுவரும் தூரின் வேரை நன்றாகக் கழுவி, அந்த மண்ணை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பாம்பும் தீயும்: வெட்டிவேர் பாம்பை விரட்டும் என்று சிலர் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். அடர்ந்த எந்தத் தூரிலும் எலி ஒதுங்கும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். அடியைச் சுத்தமாக வைத்திருங்கள், இருட்டில் கை வைக்காதீர்கள். கிடுகு அல்லது ஓலைக் கொட்டிலில் இருப்பவர்கள் குசினிச் சுவரிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளி நடுங்கள். கோடை வருமுன் காய்ந்த இலையை அகற்றிவிடுங்கள்.

நுளம்பு: சிற்றனெல்லா எண்ணெய் நுளம்பை விரட்டும் என்பது உண்மை. ஆனால் முற்றத்தில் சும்மா நிற்கும் புல் அந்த வேலையைச் செய்வதில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. டெங்கு நம்மை விட்டுப் போகவில்லை. சிரட்டை, ரயர், வெறும் ரின் ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுவதே டெங்குக்கு மருந்து.

தூர்க்கடன்

ஊரிலே விதைநெல் கைமாற்றுக் கொடுத்து வாங்கியதை நமது முதியோர் நினைவில் வைத்திருப்பார்கள். அதே முறையைத் தூருக்கும் கொண்டுவரலாம் என்பது நமது யோசனை. கோயில், பள்ளிவாசல், பாடசாலை, மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு எதுவாயினும் தண்ணீர் வசதி உள்ள ஒரு மூலையில் பத்துப் பதினைந்து தாய்த் தூர் வைக்கட்டும். குடும்பத்துக்குப் பத்துக் கன்று கொடுக்கட்டும். வாங்கியவர் அடுத்த மாரியில் இருபது கன்றாகத் திருப்ப வேண்டும். பத்து நாற்றுமேடைக்கு, பத்துப் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு. காசு இல்லை, வட்டி புல்லாகவே வரும். காணி இல்லாத குடும்பங்களையும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் உரப்பையிலும் பழைய வாளியிலும் எலுமிச்சம்புல் வளர்க்கலாம். அடியில் ஓட்டை இருந்தால் போதும்.

இந்த வேலையில் முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுங்கள். வயலை விட்டு வந்தபின் கைக்கு வேலையின்றி இருக்கும் முதியவர் தூர் பிரிப்பதில் கைதேர்ந்தவராக இருப்பார். அவருக்கு அருகில் ஒரு பிள்ளையை இருத்துங்கள். முகாமிலே பிறந்து வயலைக் காணாமல் வளர்ந்த பிள்ளைகள் பலர். மண்ணின் ஈரத்தை விரலால் அறிவதும், இளமுளை எது முதிர்முளை எது என்று காண்பதும் அவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். ஊருக்குத் திரும்பும் நாளில் காணி இருந்து கமம் செய்யத் தெரியாத தலைமுறையாக அவர்கள் போய்விடக் கூடாது.

மண்ணின் தன்மைக்கேற்ற ஆலோசனையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் நட்டதையும், பிடித்ததையும் பட்டதையும் நமக்கு எழுதுங்கள். ஒருவர் அனுபவம் இன்னொருவருக்கு உதவும்.

மாரிக்கு முன்னரே தாய்த் தூர் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். முதல் மழையோடு ஐந்து கன்றாவது நட்டுவிடுங்கள்.